முனியாண்டிக்கு ஜெர்மனி பீர் படைத்த விவரம்

கோலா சாவா,
ஆடி கடைசிச் செவ்வாய்.

ஜெர்மனி தேசத்தில் லோடன்பாக் என்னும் ஊரில், அந்த ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்ட பீர் கம்பெனியில், வீட்டு உயரத்துக்கு நிற்கும் மெஷின்களை அதட்டி வேலை வாங்கும் என் மூத்த பேரன் சுகுமாறனுக்கு, உன் அப்பாவைப் பெற்றவளும் உன்னை நாலு வயதுவரை இடுப்பை விட்டு இறக்காதவளுமான தனலெட்சுமி எழுதுவது. நானும் உன் தாத்தாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். ரஹாங்கில் உன் அப்பா அம்மாவுக்கும் ஒரு குறையும் இல்லை. நீயும் அங்குள்ள குளிரும் சண்டை இல்லாமல் காலம் தள்ளுவீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் உன் முகம் தெரிந்ததும் உன் தாத்தா எங்கிருந்தாலும் ஓடி வந்து குறுக்கே தலையை நீட்டிவிடுகிறார். இது அவர் காதில் விழக்கூடாத சமாசாரம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கையெழுத்துக்காக ஒரு சோப்புப் பெட்டி பரிசு வாங்கியவள், ஆகையால் படிப்பதற்கு உனக்குக் கஷ்டம் இருக்காது.

சமாசாரம் உன் வேலையைப் பற்றியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எந்தக் கம்பெனியும் கூப்பிடாமல் நீ ரஹாங் வீட்டில் கூரையைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாய் அல்லவா, அப்போது நான் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் நம் பழைய தோட்டத்து முனியாண்டியிடம் தனியாகப் போய், "அப்பா, என் பேரனுக்கு எந்த தேசத்துல வேல போட்டுக் குடுக்கிறியோ அந்த தேசத்து பீர ஒனக்குக் கொண்டாந்து படைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டு வந்தேன். உனக்கும் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. பீர் கிடைக்காத தேசமாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. முனியாண்டிக்குத் தோன்றியிருக்கிறது. நேராக பீர் கம்பெனியிலேயே உனக்கு வேலை போட்டுவிட்டார். எவ்வளவு முன்யோசனை பார். அந்த வேலை நிரந்தரமாகிற காகிதம் வரும் மாதம் கைக்கு வரும் என்று நீ சொன்னதிலிருந்து, அதற்குள் நேர்த்திக்கடனை முடித்துவிட வேண்டுமே என்று காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். சாமி கொடுத்ததை சாமியே திருப்பி வாங்கிக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? அதனால்தான் போனில் உன்னிடம் உங்கள் கம்பெனி பீர் ஒரு பெட்டி அனுப்பு என்றேன், நீ தாத்தாவுக்கா என்றாய், நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது ஒன்றுதான் நான் சொன்ன பொய்.

அங்கிருந்து லீவில் வந்த யாகப்பன் மகன் பேட்ரிக்கிடம் நீ கொடுத்துவிட்ட பெட்டி வந்து சேர்ந்த அன்று நான் பாசாரில் இருந்தேன். பேட்ரிக், மனைவி வீட்டுக்கு புக்கிட் பெலண்டோக் போகிற அவசரத்தில், கேட்டிலேயே நின்று தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பன்னிரண்டு பாட்டிலும் ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தன. அட்டையில் ஒரு மனிதர், முறுக்கிய மீசை, தலையில் முண்டாசு மாதிரி ஒரு தொப்பி, கையில் ஒரு தடி. பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. சுருட்டு ஒன்றுதான் குறை. மூடி இருக்கிறதே, கம்பி போட்டு மாட்டின மூடி, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. விரலால் தள்ளினால் திறக்கிறது, அழுத்தினால் மறுபடியும் மூடிக்கொள்கிறது, நம் கடை பாட்டில் மாதிரி ஒரு தடவை திறந்தால் போச்சு என்பது இல்லை. காலியானதும் நல்லெண்ணெய் ஊற்றி வைக்கலாம் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன். அன்றைக்குப் பாசாரில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பஞ்சாலை இருக்கிறாளே, அடுத்த வரிசை வீட்டுக்காரி, அவள் ஒவ்வொரு வருஷமும் சிரம்பானிலிருந்து மகன் வாங்கி வரும் கருப்பு பீர்தான் சாமிக்கு முதலில் உடைக்க வேண்டும் என்று மல்லுக்கட்டுவாள். அவள் மீன் கடையில் நிற்பதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "இந்த வருசம் ஜெர்மனியிலருந்து வருது, எம்பேரன் கையால செஞ்சது" என்று நான் சொன்னது மீன்காரர், காய்கறிக்காரர், முட்டைக்காரர் எல்லாருக்கும் கேட்டது. வீடு வந்து சேர்வதற்குள் ஊருக்கே கேட்டுவிட்டது.

உன் தாத்தா பாட்டிலைத் தொடமாட்டேன் என்று சொன்னார். எனக்கே ஆச்சரியம். அந்த வாரம் முழுக்க மனிதர் ரொம்ப ஒழுக்கம். மோட்டார் சைக்கிள் டயருக்குக் காற்றடிக்க ஒரே நாளில் மூன்று தடவை ரந்தா டவுனுக்குப் போய் வந்ததைத் தவிர வேறு குற்றம் சொல்ல முடியாது. இனிப்பு நீர் வியாதிக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம், சாயங்காலமானால் கூஜாவில் பார்லித் தண்ணீர் மாதிரி என்னமோ ஒன்றை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறார். எழுபத்துமூன்று வயதிலாவது திருந்தினாரே என்று நானும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பூசை ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. சாமி இறங்குவது வழக்கம்போல சன்னாசி மேல்தான். அவர் முன்னால் நம் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர், இப்போது முழங்கால் வலிக்காரர், சாமி வந்தால் மட்டும் முழங்கால் வலிக்காது. பஞ்சாலையின் கருப்பு பீர் பாட்டில் திறந்தபோது பட்டாசு மாதிரி சத்தம். நம் பாட்டில் திறந்தபோது மூச்சு விட்ட சத்தம்கூட இல்லை. சாமி முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்த பாட்டில் என்று நான் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். சன்னாசி மூன்று பாட்டிலை நின்ற நிலையில் இறக்கினார். மூன்றாவது முடிந்ததும் கண்ணை உருட்டி, "எந்த ஊரு சரக்குடா இது, காதுல பொக வருது" என்றார். சாமி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "ஜெர்மனி சரக்கு சாமி, எம்பேரன் அனுப்புனது" என்றேன். "அவன நான் பாத்துக்கிறேன், நீ போ" என்று வாக்குக் கொடுத்து, என் தலையில் வைக்க வேண்டிய விபூதியைப் பக்கத்தில் கட்டியிருந்த கிடாய் தலையில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிச்சப் பாட்டில்களில் ஆறு கோயிலுக்குப் பின்னால் ஆண்கள் கைக்குப் போயின. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். கோயில் தலைவர் மகேந்திரன் மோட்டாரோடு லோங்காங்கில் இறங்கி, இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் நின்றுகொண்டு வழி கேட்டார். யாகப்பன் கிறிஸ்தவர், சாப்பிட மட்டும் வந்தவர், அவர் கிடாயைக் கட்டிக்கொண்டு அழுதார். உன் தாத்தா என் தோளில் சாய்ந்தபடி வீடு வரைக்கும் நடந்து, வாசல் குழாயிடம் வணக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். "ஜெர்மனிக்காரன் ஜெர்மனிக்காரன்தான் லா" என்று அன்றைக்கு எல்லா வீட்டு வாசலிலும் ஒரே பேச்சு. உன்னை நினைத்து நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று எழுத இந்தக் காகிதம் போதாது.

புதன்கிழமை பேட்ரிக், ஜெர்மனிக்குத் திரும்புவதால், சொல்லிக்கொண்டு போக வந்தான். என் போதாத நேரம், பஞ்சாலையும் காலி பாட்டில் ஒன்று கேட்டு வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். பேட்ரிக் சிரித்துக்கொண்டே, "தாத்தாவுக்குப் புடிச்சிருந்துச்சா பாட்டி? இனிப்பு நீரு இருக்கே, டாக்டர் குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னு சுகு கவலப்பட்டான். அதான் அவுங்க கம்பெனியில ஆல்கஹாலே இல்லாம ஒரு பீர் செய்றாங்க, அதுல ஒரு பெட்டி எடுத்துக் குடுத்தான்" என்றான். உன் தாத்தா அந்த நேரத்தில் இருமிக்கொண்டே மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார். பஞ்சாலை என்னைப் பார்த்தாள். "ஏன்க்கா, சாமிக்குப் பச்சத்தண்ணியா படைச்சிருக்கீங்க" என்று மெதுவாகத்தான் கேட்டாள். அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாமியை ஏமாற்றிவிட்டேனா, இல்லையா? காகிதம் வருமா, வராதா? அது ஒன்றுதான் என் கவலை. ஆனால் ஊரில் கவலை வேறு பக்கம் போய்விட்டது. மகேந்திரன் மனைவி குமுதவல்லி, "பார்லித்தண்ணிய குடிச்சிட்டா லோங்காங்குல நின்னீங்க? அப்ப ஒங்களுக்கு மோட்டாரு ஓட்டத் தெரியலன்னு ஒத்துக்குங்க" என்று கேட்க, மகேந்திரன் அதில் ஆல்கஹால் இருந்தது, சத்தியமாக இருந்தது என்று நிற்கிறார். ஆல்கஹால் இல்லையென்றால் தான் கிடாயைக் கட்டி அழுததற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பதால் யாகப்பனும் இருந்தது என்கிறார். சன்னாசி மட்டும் அசரவில்லை. "எனக்கு ஏறுனது முனியாண்டி. பாட்டில்ல என்னா இருந்தா எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். இந்த வழக்கைத் தீர்க்க அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதம். ஆண்கள் எல்லாரும் ஆல்கஹால் இருந்தது என்றார்கள், பெண்கள் எல்லாரும் இல்லை என்றார்கள். நான் யோசித்தேன். குடித்துப் பழகியவன் சொல்வதை நம்ப முடியாது, அவனவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. குடியின் வாசனையே படாத வாய் ஒன்று குடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அந்தக் கூட்டத்தில் அப்படிப்பட்ட வாய் என்னுடையது. எழுந்தேன், பையில் கொண்டுபோயிருந்த பாட்டிலை எடுத்தேன். "எம்பேரன் வேல இதுல இருக்கு. நான் குடிச்சுப் பாக்கிறேன். தல சுத்துச்சுன்னா சாமிக்குப் போய்ச் சேர்ந்துச்சு. சுத்தலன்னா நான் ஏமாத்துக்காரி" என்றேன். உன் தாத்தா பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் தனம், சொன்னாக் கேளு, வேண்டாம்" என்று கெஞ்சினார். பேரன் பாட்டிலில் ஒன்று குறைந்துவிடுமே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். கையை உதறிவிட்டு ஒரே மூச்சில் முழுப் பாட்டிலையும் குடித்தேன். கசப்பு, வேப்பங்கொட்டைக் கஷாயம் மாதிரி. தொண்டையில் கொஞ்சம் எரிச்சல், அது காலையில் சாப்பிட்ட சம்பல்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை நான் தெளிவாக எழுத வேண்டும், ஏனென்றால் ஊரில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். கால்மணி நேரம் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வெயில் கூடுதல். கொட்டகை லேசாக இடப்பக்கம் நகர்ந்தது, அடியில் செம்பனை வேர் மண்ணைத் தூக்குகிறது, பலகை வைத்து அடிக்கச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு தலைவர்கள் வந்து உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன், இரண்டு பேரும் மகேந்திரன்தான். என் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னது சரியாகத்தான் இருக்கும். எல்லாரும் வந்திருக்கிறார்களே, நல்லது நாலு சொல்வோம் என்று தோன்றியதால், ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் சுத்தத்தைப் பற்றி நான் பேசிய பேச்சை ஒரு வார்த்தை விடாமல் பேசினேன். கை தட்டினார்கள், அதனால் இன்னொரு தடவை பேசினேன். அப்புறம் பஞ்சாலையிடம் போனேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே கோயிலில் என் பொங்கல் தீய்ந்துவிட்டது என்று அவள் சொன்ன நாளிலிருந்து அவள் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை, உனக்கும் தெரியும். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஏய் பஞ்சால, ஒன் கருவாட்டுக் கொழம்பு மாதிரி இந்த ஊருல எவளுக்கும் வராதுடி. முப்பது வருசமா ஜன்னல்கிட்ட நின்னு மோந்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். அவள், "அன்னிக்குப் பொங்கலு தீயவே இல்லக்கா, எனக்குத்தான் பொறாம" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். வயதானால் மனசு இளகத்தானே செய்யும். பிறகு களைப்பாக இருந்ததால் கோயில் பாயில் சற்றே சாய்ந்தேன். கண் விழித்தபோது சாயங்காலம் ஐந்து மணி, தாத்தா பனையோலை விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே என் தீர்ப்பு இது. அந்த பாட்டிலில் ஒன்றும் இல்லை. பேட்ரிக் சொன்னது உண்மை. ஆண்கள் ஆடியது அத்தனையும் நடிப்பு. எனக்கு இதில் எவ்வளவு மனவருத்தம் என்று உனக்குப் புரிய வேண்டும். நாற்பத்தெட்டு வருஷமாக இந்த மனிதர் தள்ளாடி வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து தலையில் தேய்த்து, கோபத்தை அடக்கிக்கொண்டு சோறு பிசைந்து கொடுத்திருக்கிறேன். வெறும் தண்ணீருக்கே இந்த ஆட்டம் ஆடுகிறவர் என்றால், அந்த எலுமிச்சம்பழம் எல்லாம் எதற்கு? அதனால்தான் இது அவர் காதில் விழக்கூடாது என்றேன். கையும் களவுமாகப் பிடித்ததை அடுத்த சண்டைக்கு வைத்திருக்கிறேன்.

அது கிடக்கட்டும். நேர்த்திக்கடன் நிறைவேறவில்லை, காகிதம் வரும் மாதம். நீ உடனே உங்கள் முதலாளியிடம் போய், மரியாதையாக, எங்கள் ஊர் முனியாண்டிக்கு இப்படி ஒரு சங்கடம் ஆகிவிட்டது என்று எடுத்துச் சொல்லி, ஆல்கஹால் உள்ளதாகப் பார்த்து மூன்று பாட்டிலாவது யாரிடமாவது கொடுத்து அனுப்பு. மூன்று போதும், ஆண்களுக்கு வேண்டாம், அவர்களுக்குக் குழாயில் வருகிறது. அதுவரை நான் முனியாண்டி முகத்தில் விழிக்கப் போவதில்லை.

உன் மெஷின்கள் உன் சொல்லுக்குக் கட்டுப்படட்டும். உன் மேல் அதிகாரம் செய்கிறவர்களுக்கு நல்ல மனசு இருக்கட்டும். காலில் கம்பளி உறை இல்லாமல் வெளியே இறங்காதே. நாலு பேர் பார்க்க நீ நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதைத் தவிர இந்தக் கிழவிக்கு வேறு ஆசை இல்லை.

இப்படிக்கு,
உன்னை நினைக்காத நேரமில்லாத பாட்டி
தனலெட்சுமி வீரமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டு ஸ்டாம்ப் தேடப் போனேன். திரும்பி வந்தால் உன் தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். நான் எழுதியதை அவர் கடைசிவரை படித்தது கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை. படித்து முடித்து, "முனியாண்டிகிட்ட போவ மாட்டேன்னெல்லாம் எழுதாத தனம். சாமிக்குப் போய்ச் சேந்துருச்சு" என்றார். எப்படி என்றேன். "பேட்ரிக் அன்னிக்கே கேட்டுல நின்னு சொல்லிட்டான், ஆல்கஹால் இல்லன்னு. நீ அந்த நேரம் பாசார்ல நின்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்த. ஒன்னைய எப்படித் தலகுனிய வைக்கிறது? ரந்தாவுக்குப் போயி நம்ப ஊரு பீர் வாங்கியாந்து மாத்தி ஊத்துனேன். மூணு தடவ போனேன். ஜெர்மனின்னு சொல்லிட்டியே, அழுத்தமா இருக்கட்டும்னு கொஞ்சம் சம்சு சாராயமும் சேத்தேன்." கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றேன். "பாதி" என்றார்.

உன் பாட்டிலில் இருந்த அசல்தான் கூஜாவில் இருந்த பார்லித் தண்ணீராம். பத்து பாட்டிலை அப்படியே முடித்திருக்கிறார். "மொதல்ல சப்புன்னு இருந்துச்சு, இப்ப அது இல்லாம சாயங்காலம் போவ மாட்டேங்குது" என்கிறார். பூசையன்றைக்குச் சம்சு குடித்ததில் மூன்று நாள் தலைவலியாம், இனிமேல் அது வேண்டாமாம். மாற்றாமல் விட்ட இரண்டு பாட்டிலையும் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, எலுமிச்சம்பழத்துக்காக நான் திட்டப் போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார். நான் திட்டவில்லை. அந்த எலுமிச்சம்பழம் எதுவும் வீண் போகவில்லை என்று இப்போதுதானே தெரிந்தது.

நாளைக் காலை இரண்டு பேரும் செம்பனைக் காட்டுக்குப் போகிறோம். ஆல்கஹால் சாமிக்குப் போய்விட்டது, ஜெர்மனி மட்டும்தான் பாக்கி, ஒரு பாட்டிலை வைத்துவிட்டால் இரண்டு தவணையில் முடிந்துவிடும். மற்றது தாத்தாவுக்கு. ஆகையால் மேலே கேட்ட மூன்று பாட்டில் வேண்டாம், ஆல்கஹால் இல்லாததிலேயே ஒரு பெட்டி அனுப்பு. பஞ்சாலையிடம் மட்டும் மூச்சு விடாதே, இப்போதுதான் அவள் கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பு வந்து இறங்கியிருக்கிறது.

மறுபடி எழுதக் காகிதம் இல்லை, மேலே உள்ளதில் எது சரி, எது தவறு என்று நீயே அடித்துத் திருத்திப் படித்துக்கொள். அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறேன் பார், அந்த வரியை மட்டும் தொடாதே.